காசியை இலங்கையில் கட்டிய தீபா மேத்தாவுக்கு நம்முடைய தமிழ் ஏன் கேட்கவில்லை?

உவர்மலை ரீச்சர் | வெள்ளி, இரவு 8.15

இரண்டு வாரமாக தீபா மேத்தாவின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடித்தேன். வாடைக் காற்றும் மழையும், வெளியே போக வழியில்லை. பார்த்து முடித்த பிறகு ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: 1950 இல் அமிர்தசரசில் பிறந்தவர். அப்பா பட விநியோகஸ்தர், தியேட்டரும் வைத்திருந்தவர். டெல்லியில் தத்துவம் படித்துவிட்டு 1973 இல் கனடாவுக்குப் போனார். ஆவணப்படங்களில் தொடங்கி, 1991 இல் 'சாம் அண்ட் மீ' என்ற முதல் கதைப்படத்தை எடுத்தார். ரொறன்ரோவில் ஒரு வயதான யூதரைப் பராமரிக்கும் இந்திய இளைஞனின் கதை அது. கான் விழாவில் அறிமுக இயக்குநர்களுக்கான பிரிவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றது. பிறகு 'ஃபயர்' (1996), 'எர்த்' (1998), 'வாட்டர்' (2005) என்ற மூன்று படங்கள்தான் அவரை உலகம் அறிய வைத்தன.

'வாட்டர்' வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் நாடும் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு காசியில் படப்பிடிப்புத் தொடங்கினார்கள். இந்து விதவைகளின் வாழ்க்கையைப் பற்றிய படம் என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. கட்டிய செட்டை உடைத்துக் கங்கையில் எறிந்தார்கள். ஷபானா ஆஸ்மி விதவைப் பாத்திரத்துக்காகத் தலையை மழித்திருந்தார். மாநில அரசு படப்பிடிப்பை நிறுத்திவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கதையை அங்கேயே கைவிட்டிருப்பார்கள். இந்த மனுஷி சில வருடம் காத்திருந்து, வேறொரு தலைப்பைச் சொல்லிக்கொண்டு, சத்தமில்லாமல் இலங்கைக்கு வந்து அதே படத்தை எடுத்தார். 1938 ஆம் ஆண்டுக் காசியின் படித்துறை இங்கே எழும்பியது.

அந்தப் படத்தின் உயிர் சுய்யா என்ற எட்டு வயது விதவைச் சிறுமி. நடித்தவள் சரளா என்ற சிங்களப் பிள்ளை. அவளுக்கு ஹிந்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒவ்வொரு வசனத்தையும் ஒலியாகக் கேட்டு, கேட்டதைப் பாடமாக்கிப் பேசியிருக்கிறாள். மேத்தா மொழிபெயர்ப்பாளர் மூலமும் கைச்சாடையாலும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கனடாவின் சார்பில் போன அந்தப் படம் 2007 இல் ஒஸ்கார் வெளிநாட்டுப் பட இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

இனி 2020 க்கு வாருங்கள். 'ஃபனி போய்'. ஷியாம் செல்வதுரை 1994 இல் எழுதிய நாவல், கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் தன்பால் ஈர்ப்போடு வளரும் ஆர்ஜி என்ற பையனின் கதை, 83 கலவரத்தில் போய் முடிகிறது. அதே இயக்குநர். படம் எடுத்ததும் அதே இலங்கை. 'வாட்டரில்' சகுந்தலாவாக நடித்து நெஞ்சைப் பிழிந்த அதே சீமா பிஸ்வாஸ் இதில் அம்மாச்சி. ஆனால் அவர்கள் தமிழ் கதைக்கத் தொடங்கியதும் என்னால் படத்துக்குள் இருக்க முடியவில்லை. ஒரு சொல்லில் நெடில் குறுகுகிறது, இன்னொரு சொல்லில் குறில் நீள்கிறது. சோகமான இடத்தில்கூட என் காது எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தது.

நான் அரச உத்தியோகத்தர்களுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறேன், பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். போன வருடம் என் வகுப்பில் ஒரு தாதி இருந்தார், நல்ல கெட்டிக்காரி. அவர் சொன்ன ஒரு சம்பவம். கிளினிக்குக்கு தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆச்சி வந்திருக்கிறார். இவர் பாடப் புத்தகத்தில் உள்ளபடி "வலிக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். வயிற்றை அமத்தினாலும் "ஓம் மிஸ்", முழங்காலைத் தொட்டாலும் "ஓம் மிஸ்". மரியாதைக்காகத் தலையை ஆட்டுகிறார் என்று விளங்கவே கொஞ்ச நேரம் போயிருக்கிறது. பக்கத்துக் கட்டிலருகே நின்ற ஒரு பெண் குனிந்து, "எங்கேயணை நோகுது ஆச்சி?" என்று கேட்டாராம். ஆச்சி சேலைத் தலைப்பை விலக்கி, தோளுக்குக் கீழே ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாராம். அந்தத் தாதி அடுத்த வகுப்புக்கு வந்து கொப்பியில் முதல் வரியாக "நோகுது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அவருடைய உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது. சொல்தான் வேறு வீட்டுச் சொல்.

நான் நினைப்பது இதுதான். சரளா ஹிந்தி பேசும்போது பிழை வந்தால் மேத்தாவின் காதுக்கு அது உடனே கேட்டிருக்கும், அது அவர் கேட்டு வளர்ந்த மொழி. 'ஃபனி போய்' படப்பிடிப்பில் தமிழ் பிழைத்தபோது அவருக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, "இது சரியில்லை, திரும்ப எடுங்கள்" என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தால் போதும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கடல்முகம் | வெள்ளி, இரவு 9.02

ரீச்சர், எனக்கு உடன்பாடில்லை. நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே? பஞ்சாபி பஞ்சாபியாக மட்டும், தமிழர் தமிழராக மட்டும் நடிக்க வேண்டும் என்றால் நடிகர் எதற்கு?

அதோடு நாவலில் வரும் குடும்பம் கொழும்பில் வசதியாக வாழ்ந்த குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்தான். என் அப்பாவின் சித்தப்பா ஒருவர் வெள்ளவத்தையில் இருந்தார், அவர் தமிழில் கதைத்தால் நாங்களே முழித்துக்கொண்டு நிற்போம். அவர் வீட்டைப் படமாக எடுத்தால் இங்கே யாராவது "இது தமிழா" என்று கேட்பார்கள், ஆனால் அவரும் தமிழர்தான், 83 இல் அவர் வீடும் எரிந்தது.

மேத்தாவின் பலம் ஒரு வீட்டுக்குள் நடக்கும் மௌனத்தை எடுப்பது. 'ஃபயர்' படத்தை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குடும்பம், இரண்டு மருமகள்கள், அவர்களுக்கிடையில் வரும் காதல். அதை அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எடுத்தார். டெல்லியில் அப்படிப்பட்ட வீட்டில் யார் ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள்? ஆனாலும் 1998 கடைசியில் மும்பையில் சிவசேனாக்காரர்கள் அந்தப் படம் ஓடிய தியேட்டர்களை அடித்து நொறுக்கினார்கள். மொழி பொய்யாக இருந்தும் உண்மை போய்ச் சேர்ந்திருக்கிறது.


ஸ்கார்பரோ திருமலையான் | வெள்ளி, இரவு 10.40

நான் பிறந்தது திருக்கடலூர், இப்போது ரொறன்ரோ. இங்கே நடந்ததைச் சொன்னால் ரீச்சரின் கோபம் இன்னும் விளங்கும்.

2020 இல் முன்னோட்டம் வந்த நாளிலிருந்தே இங்குள்ள தமிழ் இளம் பிள்ளைகள் கொதித்தார்கள். ராதா அன்ரியாக நடித்த அகம் தர்ஷி பஞ்சாபிப் பின்னணி, அப்பாவாக வந்த அலி காஸ்மி பாகிஸ்தானிலிருந்து வந்தவர், சீமா பிஸ்வாஸ் அசாம்காரர். ஒருவரிலும் எனக்குத் தனிப்பட்ட குறை இல்லை. ஆனால் நான் வேலை முடிந்து 'கென்னடி' சந்தியில் பஸ் ஏறினால் முன்னாலும் பின்னாலும் தமிழ்க் குரல்தான். நாடகம் போடும் பிள்ளைகள், குறும்படம் எடுக்கும் பிள்ளைகள், வானொலியில் வேலை செய்கிறவர்கள் என்று இந்த ஊர் நிறைந்து கிடக்கிறது. மேத்தா வாழ்வதும் இதே ஊரில்தான். வாரணாசியில் விரட்டியடிக்கப்பட்ட படத்தை இன்னொரு தீவில் கொண்டுபோய் எடுத்து முடித்த ஒருவருக்கு, தன் ஊருக்குள் சில பஸ் தரிப்பு தள்ளி வரக் கஷ்டமாக இருந்திருக்காது.

கடல்முகம் தம்பி, ஆங்கிலம் பற்றி நீங்கள் சொன்னதுக்கு ஒன்று. கனடா இந்தப் படத்தைத்தான் ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு முதலில் அனுப்பியது. ஆங்கிலம் அல்லாத வசனம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. இதில் அந்த அளவு இல்லை என்று அக்கடமி ஏற்க மறுத்துவிட்டது. தமிழர் கொல்லப்பட்டதைச் சொல்லும் படத்தில் தமிழ் பாதிகூட இல்லை என்று ஹொலிவூட்டிலிருந்து நமக்கு எண்ணிச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது.

பிறகு 2021 இல் கனேடியத் திரை விருதுகளில் இதே படத்துக்காக மேத்தாவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. திரைக்கதை விருதும் அவருக்கும் செல்வதுரைக்கும். கொடுத்ததில் தப்பில்லை, படம் எடுக்கப்பட்ட விதத்தில் கைத்திறன் இருக்கிறது. விருதுக் குழுவில் எத்தனை பேருக்குத் தமிழ் கேட்டிருக்கும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.


கிண்ணியா நானா | சனி, காலை 6.50

சுபஹு தொழுதுவிட்டு வந்து முழுவதையும் வாசித்தேன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை.

'ஃபயர்', 'எர்த்' இரண்டிலும் நடித்த நந்திதா தாஸை எல்லாருக்கும் தெரியும். அதே நந்திதா தாஸ்தான் 2002 இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஈழத்துத் தாயாக வந்தார். அவரும் தமிழர் இல்லை. அந்தப் படத்தில் பலர் கதைத்த "இலங்கைத் தமிழ்" நாம் யாரும் கதைக்காத தமிழ். அப்போது நாங்கள் அழுதுகொண்டே பார்த்தோம். பாட்டைப் பாடமாக்கினோம். எங்கள் கடைத்தெருவில் அந்த வருடம் முழுக்க அந்தப் பாட்டுத்தான். சென்னைக்காரர் செய்தால் பொறுத்துக்கொண்டோம், அமிர்தசரஸ்காரர் செய்தால் பொறுக்க மாட்டோமா? இதை நான் சண்டைக்குக் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை.

இன்னொன்று, "நம்முடைய தமிழ்" என்று ரீச்சர் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். வாப்பா, உம்மா, ராத்தா என்று கூப்பிடும் எங்கள் வீட்டுத் தமிழ் எந்தப் பெரிய படத்தில் ஒழுங்காக வந்திருக்கிறது? கிண்ணியாப் பாலம் கட்ட முன்னம் தோணியிலும் மிதவைப் பாதையிலும் ஏறி டவுனுக்கு வந்து படம் பார்த்த ஆள் நான். அறுபது வயதாகிறது. திரையில் ஒரு தடவைகூட என் உம்மா மாதிரி ஒருவர் கதைத்து நான் கேட்டதில்லை. பிழையாகக்கூடக் கேட்டதில்லை.


உவர்மலை ரீச்சர் | சனி, காலை 7.30

நானா, அந்தத் தலைப்பை எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். நந்திதா தாஸ் விஷயத்துக்கும் நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.


நிலாவெளி ராசா | சனி, காலை 10.15

பிள்ளைகளே, வெளியிலிருந்து வந்த இயக்குநர் என்றதும் எனக்கு எங்கள் கடல்தான் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டுப் போகிறேன்.

மைக் வில்சன் என்ற வெள்ளைக்காரர். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்தவர், சுழியோடி. 1956 இல் கோணேசர் மலையடிக் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்களைக் கண்டெடுத்தவர். அவர்தான் 1962 இல் 'ரன்முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். சிங்களத்தில் வந்த முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம எல்லாம் இருந்தார்கள், இசை அமரதேவ. திருகோணமலைக் கடலுக்கடியில் எடுத்த காட்சிகள்தான் அதன் சிறப்பு.

எனக்கு அப்போது சின்ன வயது. அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன்னர் நான் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. தண்ணீருக்குள் கமரா இறங்கி அந்த நீலம் திரை முழுக்க விரிந்ததும், முன்பெஞ்சில் இருந்த கரைவலைக்காரர் ஒருவர் எழும்பி நின்று, "உது எங்கட கடலடா!" என்று கத்தினார். தியேட்டரே கை தட்டியது. அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவர் நாள் முழுக்க மேலே நின்று வலை இழுத்த கடலை அன்றைக்குத்தான் அடியிலிருந்து பார்த்தார்.

வில்சன் பிறகு படத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கதிர்காமத்து முருகனே கதியென்று கிடந்து, சுவாமி சிவ கல்கி என்று பெயரும் மாற்றிக்கொண்டார். வந்த ஊர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மேத்தா இரண்டு படத்துக்கு மேல் இங்கே எடுத்திருக்கிறார். 2011 இல் சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படத்துக்கும் இங்கேதான் வந்தார். ஆனால் அவருக்கு இந்த நாடு காசியாக, பம்பாயாக, கராச்சியாக நிற்கும் ஒரு மேடை. 'ஃபனி போய்' படத்தில்தான் முதல் தடவையாக இந்த நாட்டை இந்த நாடாகவே காட்ட வந்தார். மேடையாகப் பழகிய இடத்தை வீடாகப் பார்ப்பது லேசில்லை.


கடல்முகம் | சனி, மாலை 5.20

ராசா ஐயா சொன்னது இரவெல்லாம் மனதில் நிற்கும்.

ரீச்சரின் "காது" விஷயத்தை ஆங் லீயோடு பொருத்திப் பார்த்தேன். எனக்கு மிகப் பிடித்த இயக்குநர். 1954 இல் தாய்வானில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்தவர், படிப்பு முடிந்து ஆறு வருடம் வேலையில்லாமல் வீட்டில் சமைத்துக்கொண்டு இருந்தவர், மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. 1990 இல் தாய்வான் அரசின் திரைக்கதைப் போட்டியில் முதலிடம், இரண்டாமிடம் இரண்டும் அவருக்கே கிடைத்தன. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

1995 இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' எடுக்கிறார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயக் குடும்பக் கதை. ஆங்கிலம் அவர் தாய்மொழி இல்லை. ஆனால் திரைக்கதை எழுதியது எம்மா தொம்சன், முக்கிய பாத்திரமும் அவரே. ஆக, கேட்கத் தெரிந்தவர் கமராவுக்கு முன்னாலேயே நின்றார். இதில் ரீச்சர் சொல்வது சரியாக வருகிறது.

ஆனால் 2000 இல் 'க்ரவுச்சிங் டைகர்' எடுத்தபோது நிலைமை தலைகீழ். மாண்டரின் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாயகன் சோ யுன் ஃபட் ஹொங்கொங்காரர், கன்ரனீஸ் பேசுகிறவர். நாயகி மிஷேல் யோ மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர், சீன எழுத்து வாசிக்கத் தெரியாமல் ஒலியாகவே வசனத்தைப் பாடமாக்கினார். சீனாவில் பார்த்தவர்கள் அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். வெளியே அந்தப் படம் நாலு ஒஸ்கார் வாங்கியது. பிழை கேட்கக்கூடிய காது இருந்தும், தெரிந்தே விட்டிருக்கிறார். அவருக்கு அந்த இரண்டு முகங்கள் வேண்டியிருந்தன. அப்படியானால் காது மட்டும் போதாது, எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதும் இருக்கிறது, இல்லையா ரீச்சர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 இல் அவர் எடுத்த 'லைஃப் ஒப் பை' ஒரு தமிழ்த் தாலாட்டோடுதான் தொடங்கும். பாண்டிச்சேரிக் கதை என்பதால் பொம்பே ஜெயஸ்ரீயை எழுதிப் பாட வைத்தார். அந்தப் பாட்டு ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. உலகத்தில் எத்தனையோ பேர் முதல் முதலாகத் தமிழைக் கேட்டது அந்தத் தாலாட்டில்தான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.


பெயர் வேண்டாம் | ஞாயிறு, அதிகாலை 1.35

இங்கே எழுதுவதற்காகவே இந்தப் பெயரில் சேர்ந்தேன். திருகோணமலைதான். எந்தப் பகுதி என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் எல்லாரும் 'ஃபனி போய்' படத்தின் தமிழைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் சத்தமில்லாமல். வீட்டில் எனக்குத் தனி அறை இல்லை. தம்பியும் நானும் ஒரே பாயில். போர்வைக்குள் போனை வைத்து, வெளிச்சத்தை ஆகக் குறைத்து, கீழே ஓடும் எழுத்துகளை வாசித்துத்தான் பார்த்தேன். ஹெட்செட் போட்டால் யாராவது எழும்பி வருவது கேட்காது என்று பயம்.

ஆர்ஜி சின்னப் பிள்ளையாகச் சேலை உடுத்து மணப்பெண்ணாக விளையாடும் இடத்தில் நான் போனை அணைத்துவிட்டேன். பிறகு திரும்பப் போட்டேன். நானும் அந்த விளையாட்டை விளையாடியிருக்கிறேன், அம்மம்மாவின் சேலையில். ஒரு நாள் பெரியப்பா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை விளையாட விடவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை.

தமிழ் நடிகர்களை ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கும் 365, 365 ஏ என்ற இரண்டு பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டக்கோவை. இங்கே வாழும் ஒரு தமிழ்ப் பையன் அந்தப் பாத்திரத்தில் நடித்துவிட்டு அடுத்த நாள் காலையில் எந்தத் தெருவால் நடந்து போவான்? என்னைக் கேட்டிருந்தால் நான் நடித்திருக்க மாட்டேன். எனக்குத் தைரியம் இல்லை.

எனக்காக ஒரு படம் எடுத்தவர் அமிர்தசரசில் பிறந்தவர் என்றால், எனக்கு அவர் போதும்.


ஸ்கார்பரோ திருமலையான் | ஞாயிறு, அதிகாலை 2.10

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. இங்கே ரொறன்ரோவில் அந்தப் படத்தைத் திட்டியவர்களில் உங்களைப் போன்ற பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழராகவும் அப்படியாகவும் இரண்டாகவும் வாழ்கிறவர்கள். "எங்கள் கதையே ஒரு தடவைதான் வரும், அதையாவது எங்கள் குரலில் தாருங்கள்" என்பதுதான் அவர்கள் கேட்டது. உங்களுக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. பத்திரமாக இருங்கள்.


உவர்மலை ரீச்சர் | ஞாயிறு, காலை 9.45

நேற்றிரவே வாசித்துவிட்டேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

பெயர் வேண்டாம் என்று வந்த பிள்ளைக்கு முதலில். நான் ஆசிரியையாக இருபத்தேழு வருடம். உங்களைப் போன்ற பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருப்பார்கள். நான் கவனித்திருக்க மாட்டேன், அல்லது கவனித்தும் பேசாமல் இருந்திருப்பேன். அந்தச் சட்டப் பிரிவுகள் இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கேள்வியை எழுதும்போது ஒரு நொடியும் அதை நினைக்கவில்லை. நடிகர் தேர்வு பற்றி நான் எழுதியதில் அவசரம் இருந்தது. மேத்தா இந்தக் கதையைக் கையில் எடுத்ததே பெரிய காரியம், 'ஃபயர்' காலத்திலிருந்து இந்த விஷயத்தில் அவர் பின்வாங்கியதே இல்லை. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் தமிழைப் பற்றிச் சொன்னதை நான் மீளப் பெற மாட்டேன். கடல்முகம் கேட்ட கேள்விக்கும் நானா கேட்ட கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

2015 இல் கானில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தை எடுத்த ஜாக் ஓடியார் பிரெஞ்சுக்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. படத்தில் பெரும்பகுதி தமிழ். அவர் செய்தது என்ன? நாயகனாக ஷோபாசக்தியைப் போட்டார். அவர் நம் எழுத்தாளர், புலிகள் இயக்கத்தில் இருந்து வெளியேறி, அகதியாக பிரான்சுக்குப் போனவர். அப்படிப்பட்டவர் வாயில் பொய்யான ஒரு தமிழ்ச் சொல்லை வைக்க முடியாது, அவரே துப்பிவிடுவார். கூட நடித்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னையைச் சேர்ந்தவர். ஆக ஊர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் படத்தில் எனக்கு வேறு குறைகள் உண்டு, கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர்கள் மூவரும் அந்த வீட்டுக்குள் கதைக்கும்போது என் காது எழுத்தைத் திருத்திக்கொண்டு இருக்கவில்லை, நான் அவர்களோடு இருந்தேன்.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்க' படத்தில் தமிழ்ப் பெண் செல்வியாக நடித்தது மராத்திக்காரி அஞ்சலி பாட்டில். 2012 இல் கோவா விழாவில் அதற்காகச் சிறந்த நடிகை விருது வாங்கினார். சிங்களமும் தெரியாது, தமிழும் சொந்தமில்லை. ஆனால் அவர் மலையக அடகுக்கடைக்காரனின் வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது நான் அவரைத் தமிழ்ப் பெண்ணாகவே நம்பினேன். அதனால் பிறப்பை நான் கேட்கவில்லை.

மேத்தாவே இதைச் செய்யத் தெரிந்தவர் என்பதுதான் என் மனவருத்தம். 'ஃபயர்', 'எர்த்', 'வாட்டர்' மூன்றுக்கும் ஏ.ஆர். ரகுமானைத் தேடிச் சென்னைக்கு வந்தார். பாட்டுக்கு எந்தக் காது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேச்சுக்கும் அதே போல ஒருவரைத் தேடியிருந்தால்? 2008 இல் 'ஹெவன் ஒன் எர்த்' எடுத்தார், பிரம்டனில் ஒரு பஞ்சாபி வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்து அடி வாங்கும் பெண்ணின் கதை. அதிகம் பேர் பார்க்காத படம், அவருடைய படங்களில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். பஞ்சாபி எனக்கு விளங்காது. ஆனாலும் மாமியார் வாய் திறந்தால் அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலை மேத்தா சின்ன வயதில் எங்கேயோ கேட்டிருக்கிறார். நம் அம்மாச்சிமாரின் குரலை அவர் கேட்டதில்லை. கேட்டவர்களிடம் கேட்டிருக்கலாம்.

நந்திதா தாஸ் விஷயத்தில் நானா சொன்னதுதான் சரி. 2002 இல் நான் அழுதேன், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போர்நிறுத்தம் வந்த வருடம், பாதை திறந்த வருடம், யாராவது நம்மைப் பற்றிக் கதைத்தாலே போதும் என்று இருந்தோம்.


குவைத் அண்ணர் | ஞாயிறு, பிற்பகல் 1.05

நான் பதினொரு வருடம் குவைத்தில் லொறி ஓடினேன். கூட இருந்தவர்கள் பீகார், உத்தரப் பிரதேசம். ஹிந்தி எழுதத் தெரியாது, கதைக்க நல்லாய்த் தெரியும். ரீச்சர் எழுதியதைப் பார்த்துவிட்டு 'வாட்டர்' படத்தைத் தேடி எடுத்து இன்று காலை மனைவியோடு பார்த்தேன்.

அந்தச் சின்னப் பிள்ளை முதலில், "நான் எவ்வளவு காலத்துக்கு விதவை?" என்று தகப்பனைக் கேட்கிற இடம் வருகிறதே, அங்கே நான் படத்தை நிறுத்தித் திரும்பப் போட்டேன். பிழை பிடிக்கத்தான் போட்டேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் அறையில் இருந்த ஒருவருடைய மகள் போனில் கதைக்கும்போது கேட்டது மாதிரியே இருந்தது. சிங்களப் பிள்ளை என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மனைவிக்கு ஹிந்தி தெரியாது, அவ என்னைவிட அதிகம் அழுதா.


கிண்ணியா நானா | ஞாயிறு, மாலை 6.40

ரீச்சர், உங்கள் வகுப்புத் தாதிப் பிள்ளை எழுதிய "நோகுது" என்ற சொல்லை உம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கி அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்" என்றா. இன்ஷா அல்லாஹ், கிண்ணியாவில் குறும்படம் எடுக்கும் இரண்டு பொடியன்மாரை எனக்குத் தெரியும். உம்மாவைக் கதைக்க விட்டுப் பதிவு செய்து வைக்கச் சொல்லப் போகிறேன். படம் பிறகு வரட்டும், குரல் முதலில் இருக்கட்டும்.


பெயர் வேண்டாம் | திங்கள், இரவு 11.50

இன்று தம்பி ரியூஷன் முகாமுக்குப் போய்விட்டான். அறையில் நான் மட்டும். ஹெட்செட் போட்டு முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தேன்.

ரீச்சர் சொன்னது விளங்குகிறது. அம்மாச்சி கதைத்தபோது என் அம்மம்மாவின் முகம் வரவில்லை. எழுத்தை மட்டும் வாசித்த நாட்களில் வந்தது, நானே அம்மம்மாவின் குரலை அங்கே வைத்திருக்கிறேன் போல. அந்த இடங்களில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டி வந்தது.

ஆனால் பிள்ளைகள் கலியாண விளையாட்டு விளையாடும் இடத்தில் சத்தத்தைக் கூட்டினேன். ஓடுவது, கத்துவது, சிரிப்பது. அதில் எந்த மொழியும் பிழையாக இல்லை. பெரியப்பா வரும் வரை எங்கள் முற்றமும் அப்படித்தான் இருந்தது.